முந்நூற்று நாற்பது யூரோ

கிதார் வாங்கியது நூற்றுத் தொண்ணூறுக்கு.
அதில் பொருத்த வாங்கிய பிக்கப் இரண்டும்
முந்நூற்று நாற்பது.
குதிரையைவிடச் சேணம் விலை கூடினால்
யார்மேல் யார் சவாரி என்றெல்லாம்
மார்க்கெத்தா கேட்கவில்லை.
ரசீதை எடுத்து
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்,
கடமான் படம் போட்ட ஒன்றரை யூரோ காந்தத்தால்.
அதுவும் காந்தம்தான்.

தம்பெரேயில் பிப்ரவரி.
எட்டாம் எண் பேருந்தை ஓட்டி நிறுத்திவிட்டு வந்து
கையுறையைக் கழற்றாமல்
பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பஞ்சுக்குள் கருப்புக் கட்டி இரண்டு.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு,
சுற்றியவரின் கையெழுத்தோடு:
எட்டாயிரத்துச் சொச்சம் சுற்று,
தலைமுடியைவிட மெல்லிய செம்பு.
பிரித்து எண்ணவா முடியும்?
தேவாலயப் பக்கம் போயே
இருபது வருடமாகிறது எனக்கு;
நம்பினேன்.

ஈயம் சொட்டி
சமையல் மேஜையில் ஒரு தழும்பு.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் தந்தியைத் தட்டினேன்.
ஏரியில் பனிக்கட்டி விரியும்போது
கரையில் நிற்பவனுக்குக் கேட்குமே, அந்தத் தெளிவு
என்று எழுத ஆசைதான்.
நன்றாக இருந்தது, அவ்வளவே.
முந்நூற்று நாற்பது அளவுக்கு நன்றாக என்று
காது சொன்னதா, ரசீது சொன்னதா
பிரித்தறிய முடியவில்லை.

பழையதில் ஒரு தடவை, புதியதில் ஒரு தடவை,
ஒரே மெட்டைப் பதிவு செய்து வைத்திருந்தேன்.
பாஸ் வாசிக்கும் இல்ப்போவைக் கூப்பிட்டுச்
சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன்.
"இரண்டாவது. அதில்தான் சதை இருக்கிறது."
அது பழையது.
மறுநாள் தானே வந்து மறுபடி கேட்டான்.
"முதலாவது. நேற்று பீர் குடித்திருந்தேன்."

சனிக்கிழமை, பிஸ்பலா மதுக்கடை மேடை.
தாப்பியோவின் தாளத்தட்டு எழுந்தது;
அதற்கு அடியில்
நானும் எட்டாயிரத்துச் சொச்சம் சுற்றும்
அந்தக் கையெழுத்தும்
ஒன்றாக மூழ்கினோம்.
முடிந்ததும் ஒருவர் என் தோளைத் தொட்டு
"மோசமில்லை" என்றார்.
இந்த ஊரில் அது மாலை மரியாதை.
போன மாதமும் அதே ஆள், அதே சொல்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது.
பழைய பிக்கப்பில் மெழுகு கிடையாது.
மலிவுச் சரக்கு, சுருள் தளர்ந்து கிடந்தது.
மேடையில் ஒலியைக் கூட்டினால்
பன்றிக்குட்டிபோல வீறிடும்.
அதனால்தானே மாற்றினேன்.
ஆனால் அந்தத் தளர்ச்சியில்
பக்கத்தில் பேசும் குரலுக்கும் அது நடுங்கும்.
மரச்சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார்
தூங்க வேண்டுமென்று
ஹெட்ஃபோன் மாட்டித்தான் இரவில் வாசிப்பேன்.
மார்க்கெத்தா வந்து
என் மடியிலிருக்கும் கிதாரின்மேல் குனிந்து
"உருளைக்கிழங்கு வெந்தாச்சு" என்பாள்.
தந்திகளைத் தாண்டி, செம்புக்குள் நுழைந்து
தகர டப்பாக் குரலில்
என் இரண்டு காதுக்கும் நடுவே வந்து நிற்பாள்.
பதினோரு வருட வேடிக்கை.
முகம் பார்க்காத வாரங்களில்
எங்களுக்குள் அதுதான் தூது.

புதியது மெழுகில் ஊறியது.
எஃகைத் தவிர எதையும் கேட்காது.
அந்தச் செவிட்டுத்தனத்துக்குத்தான் காசு.

நேற்றிரவு குனிந்தாள்.
உதடு அசைந்தது.
ஹெட்ஃபோனில் அமைதி:
இரைச்சலில்லாத, சுத்தமான,
விலை உயர்ந்த அமைதி.
கழற்றி, "என்ன சொன்னே?" என்றேன்.
சவுனாவுக்கு விறகெடுக்கப் போய்விட்டாள்.
உருளைக்கிழங்காகவும் இருக்கலாம்.

பழையவை ஊறுகாய் மீன் ஜாடியில் கிடக்கின்றன.
விற்றால் இருபது தேறும்.
நோக்கியாவிலிருந்து ஒருவன் விலை கேட்டிருக்கிறான்,
பதில் போடவில்லை.
மேஜைத் தழும்பின் பக்கத்திலேயே
சால்டரிங் அயர்ன்
சூடேறிக்கொண்டிருக்கிறது.