ஆறப்போட்டது

போன வருடம் ஊசிமேட்டுக்கு
நூற்றி நாற்பது தென்னங்கன்று வந்து இறங்கியது.
மாவட்டம் முழுக்கத் தென்னை என்று திட்டம்,
மலையும் மாவட்டத்தில்தானே இருக்கிறது.
உறைபனி விழுந்த மூன்றாம் நாள்
குருத்தெல்லாம் வெந்த கீரை.
ஒன்று மட்டும் சாகவில்லை.
பள்ளிக்கூடக் கக்கூஸ் சுவரை ஒட்டி
இரண்டே ஓலையோடு நிற்கிறது,
தண்டனை மாற்றலில் வந்த வாத்தியார் மாதிரி.

நான் பஞ்சாயத்தில் கணினி பார்ப்பவள்.
ஊர் தமிழில் சொல்வதை
மலையாளத்தில் ஏற்றுவது என் வேலை.
இந்த வருடப் படிவத்தில் நான்கு கட்டம்:
நன்செய், புன்செய், தோட்டம், தரிசு.
தரிசு அங்கேயும் தரிசுதான்,
அந்தச் சொல்லில் மட்டும் எனக்கு வேலையில்லை.

ஓவர்சியர் ரெஜிமோன் செயற்கைக்கோள் படத்தில்
சாம்பலாய்க் கிடந்த பன்னிரண்டு ஏக்கரை
பேனா மூடியால் சுற்றிக் காட்டினார்.
"இவிடே ஒரு குட்டை. பத்துக்குப் பத்து, ஆழம் மூணு."

சனிக்கிழமை சபை.
பூண்டு பிடுங்கிய கையோடு வந்தார்கள்,
கையெழுத்து நோட்டு இன்னும் நாறுகிறது.
சின்னப்பேச்சி எழுந்தாள்.
"தரிசு இல்ல சார், ஆறப்போட்டது.
மூணு வெள்ளாமை எடுத்தா ஒரு வருஷம் ஆறணும்.
வீரணன் மாடு ராத்திரி அங்கதான் படுக்கும்.
அடுத்த வருஷம் வந்து பாருங்க,
கீழ்த்தட்டு சாம்பலாத் தெரியும்,
அங்க வெட்டுவீங்களா?"

"குட்டை வரட்டும்" என்றான் முருகபூபதி.
மாசியில் அவன் தட்டுக்குத்தான் தண்ணீர் எட்டாது.
"வரட்டும், உன் காட்டுல வெட்டச் சொல்லு" என்றது ஒரு குரல்.
அதற்குப் பிறகு நான் குறிப்பு எடுக்கவில்லை.

மத்தியானம் மேலே ஏறினோம்.
ரெஜிமோனின் செருப்பு இரண்டு முறை கழன்றது.
வீரணன் குதிகாலால் தரையை மிதித்தார்,
பானை வயிறு போல ஒலித்தது.
"இந்த இடம் குடிக்கிறதத்தான்
கீழ ஊத்துல மோந்து குடிக்கிறோம்.
சிமெண்டு பூசினா அது கண்ண மூடிக்கும்."
ஆவணியில் சரிந்த கல்லுக்கட்டைக் காட்டினார்.
அதைத் தூக்கி வைத்தால் போதுமாம்.
"கல்லுக்கட்டுக்குத் தலைப்பில்லை, சேட்டா."
ரெஜிமோன் அதைச் சொன்னபோது
மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அப்புறம் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து
யாரும் கேட்காமலே
சரிந்த நீளத்தை அளந்தார். முப்பத்தொன்றரை மீட்டர்.

ஐந்தாவது கட்டம் போட்டுப் பார்த்தேன்.
'சரியானதைத் தேர்ந்தெடுக்கவும்' என்றது திரை, சிவப்பில்.
புன்செய் என்று பொய் குத்தினேன்.
குறிப்புரைக்கு இருநூறு எழுத்து இடம் உண்டு,
மாட்டையும் ஊற்றையும் முப்பத்தொன்றரை மீட்டரையும்
அதற்குள் அடைத்தேன்.
முருகபூபதியின் மாசி மாதத்துக்கு இடம் போதவில்லை.

கோப்பு மாவட்டத்துக்குப் போய் ஏழு மாதம்.
நேற்று சின்னப்பேச்சி விதைப்பூண்டு மூட்டையை
ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டுக் கேட்டாள்,
என்ன ஆச்சு என்று.
ஆறப்போட்டிருக்கிறார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அங்க மாடு கட்டுவாங்களா?"