மூன்றாவது முந்திவிட்டது

வியாழன்தோறும் ஆறு மணிக்கு
தீயணைப்பு நிலையத்தில் வகுப்பு.
ஏணி வண்டிக்கும் சுவருக்கும் நடுவே
இரண்டு நாற்காலி போட இடமிருக்கும்.
இன்கெரிக்கு இருபத்தாறு வயது.
எனக்கு அறுபத்து மூன்று, மேல்வரிசை பொய்ப்பல்.
முதல் மாதம் முழுக்க
டூபாவுக்குள் பாடியது பல்தான்.

"ஊதாதீங்க ரெய்யோ.
கண்ணாடியில பனி பிடிக்கிற மாதிரி
மூச்சை விடுங்க, போதும்."
முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவனிடம்
கண்ணாடியில் பனி பிடிக்கச் சொன்ன முதல் ஆள்.
விட்டேன்.
நாற்காலிக் கால் அதிர்ந்தது.
ஏணி வண்டியின் கதவுக் கைப்பிடி
கிணுகிணுத்தது.
அவள் தலையசைத்தாள்,
என்னைப் பார்த்தல்ல, வண்டியைப் பார்த்து.

டிசம்பர் ஆறு, கயானி கல்லறைத் தோட்டம்.
மைனஸ் இருபத்து நான்கு.
ஊதுவாயை அக்குளில் வைத்துக்கொண்டு
பாதிரியார் முடிக்கட்டும் என்று நின்றோம்.
அவர் முடிப்பதாக இல்லை.

கடைசியில் குச்சி உயர்ந்தபோது
என் விரலுக்கடியில் நான்கு வால்வும் கல்.
நான் விட்ட மூச்சே உள்ளே போய்
உட்பக்கம் தாழ் போட்டிருந்தது.

பக்கத்தில் யூஃபோனியத்தோடு இன்கெரி.
அவளுடையதும் உறைந்திருக்க வேண்டும்.
ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.
ஒன்று.
வால்வைத் தொடாமலே வருகிற ஒன்று:
பதினெட்டடிக் குழாயும் திறந்து கிடக்க
அடியில் படுத்திருக்கும் பி-ஃபிளாட்.

பாட்டு கிளம்பியது.
ட்ராம்போன்காரர்கள் எப்படியோ
இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.
ஏற ஆளில்லாத நிறுத்தத்தையும்
கடந்துதானே போகவேண்டும்,
எண்ணிக்கொண்டே போனேன்.
என் சுரம் நிற்கிற இடத்தில் நின்று
கதவைத் திறந்து
மூடி
கிளம்பி.
பாட்டு முழுக்க நான்கே தடவை.
முன்வரிசையில் சக்கர நாற்காலியில் ஒருவர்
நான்கு தடவையும்
மடியிலிருந்த கம்பளியைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது ஐந்தாம் எண் பஸ்.
குழந்தை வண்டி நிறுத்துமிடத்தில் டூபா,
படுத்த மாடு மாதிரி.
ஓட்டுகிற பையனை எனக்குத் தெரியாது.
பேச்சில்லாமல் மூன்று நிறுத்தம் போயிற்று.
பிறகு இன்கெரி, ஜன்னலிடம் சொல்வதுபோல:
"மூணாவது முந்திடுச்சு."

முப்பத்தொரு வருடத்தில்
எந்த நிறுத்தத்தை விட்டும்
நேரத்துக்கு முன்னால்
நான் கிளம்பினதே இல்லை என்றேன்,
பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி.

"இன்னைக்குக் கிளம்பினீங்க.
கொஞ்சூண்டு."

பொய்ப்பல்லைக் கழற்றி
கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன்.