சுவருக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி வியாழன்களில்
காப்பிக் கிடங்காக இருந்த அருங்காட்சியகத்தில்
படம் போடுவது என் வேலை.
திரியெஸ்தேயில் அந்த மாதம் போராக் காற்று வீசும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்,
மேயர் வந்தாலும் அதைப் பிடித்துத்தான் நடக்கவேண்டும்.
அப்படி வந்து சேர்கிறவர்களுக்கு
டிக்கெட் கிடையாது,
சின்னக் கோப்பையில் காப்பி உண்டு.

விதி எளிது:
மாடியில் யாருடைய படைப்பு இருக்கிறதோ
அவர் ஒரு படம் தேர்ந்தெடுப்பார்.
ஏன் என்று இரண்டு நிமிடம் பேசுவார்.
இரண்டு நிமிடத்தில் முடித்தவர் இதுவரை இல்லை.

முதல் வாரம் கண்ணாடி ஊதுகிற நிவேஸ்.
மூன்றரை மணி நேரம், ஓர் ஆறு, ஒரு படகு.
அவளே முதலில் தூங்கினாள்.
"அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தேன்" என்றாள் பிறகு,
கன்னத்தில் நாற்காலியின் கோடுகளோடு.

அடுத்து, ஒரே துணியில் சேர்ந்து வரைகிற இரு சகோதரர்கள்.
ஆளுக்கொரு படம் சொன்னார்கள், விட்டுக்கொடுக்கவில்லை.
பாதி இது பாதி அது என்று போட்டேன்.
ஒரே படமென்று நினைத்து
ஒரு பேராசிரியர் பாராட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் வியாழன் துல்லியோ கோஸ்லோவிச்.
பிளாஸ்டரில் சுவர்களை வார்ப்பவர்.
மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இந்தப் படத்தை நான் பார்த்ததில்லை."

சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை.

ஒன்பது வயதில் அவர் கட்டிலை ஒட்டிய சுவருக்கு
அந்தப் பக்கம் ஒரு தியேட்டர்.
ஒரு கோடை முழுக்க அதே படம்,
இரவுக்கு இரண்டு காட்சி.
கையில் காசில்லை; அல்லது இருந்தது, போகத் தோன்றவில்லை.
வசனம் செங்கல்லில் கரைந்துவிடும்,
குரல் மட்டும் வரும்.
ஒரு பெண் அழுவாள். கதவு. நீண்ட மௌனம்,
அதில் யாரோ இருமுவார்கள்,
இருமியது படத்திலா கொட்டகையிலா
என்று இன்றுவரை தெரியாது.
கடைசியில் சுத்தியல்.
விட்டுவிட்டு, பிறகு விடாமல், பிறகு தூரமாய்.
"அவள் போன பிறகு அவன் வீடு கட்டுகிறான்
என்று வைத்துக்கொண்டேன்."

விளக்கை அணைத்ததும் வெளியே போய்விட்டார்.
தாழ்வாரத்தில் கோட்டை மடித்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்து
எங்கள் சுவரில் காதை வைத்துக்கொண்டார்.
ஒலியைக் கொஞ்சம் ஏற்றினேன்.
முன்வரிசையில் முகம் சுளித்தார்கள்.
சுளிக்கட்டும்.

படம் முடிந்து கேள்வி நேரம். பதினொரு பேர்.
பச்சைத் தொப்பி போட்ட ஒருத்தி எழுந்தாள்:
"அந்தக் கடைசிக் குதிரை எதைக் குறிக்கிறது?"

"எந்தக் குதிரை?"

கல் பாவிய தெரு, சேணமில்லை,
அவள் போன திசைக்கு நேர் எதிராக
என்று விளக்கத் தொடங்கியவள்
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.
மாடியில், மூன்றாம் அறையில்,
சற்று முன்பு குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துவிட்டு வந்த
அந்த இருபதடிச் சுவர்.
அதன் உடம்பெல்லாம் சுத்தியல் கொத்து.
ஆறு வருட வேலை.

பிடரியைச் சொறிந்துகொண்டார்.
"நான்கு கால்" என்றார் மெல்ல.
"அதுதான் அந்தத் தாளம்
இரண்டு கைக்கு அடங்கவேயில்லை."

எல்லாரும் போனபின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
காற்று கதவை இடித்தது.
கடைசி நிமிடத்தை மட்டும் போடட்டுமா என்றேன்.
வேண்டாம் என்று கையசைத்தார்.
மஃப்ளரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்:
"என்ன நிறம்?"

"கறுப்பு வெள்ளைப் படம்."

"படமில்லை. குதிரை."

சோதனைக்கு இரண்டு முறை, இன்று ஒரு முறை,
மூன்று முறை முழுதாய்ப் பார்த்தவள் நான்.
வெள்ளை என்று வாயில் வந்தது.
சாம்பலோ என்று பட்டது.
அது ஓடிய நேரமெல்லாம் நான்
ஒலிக் குமிழையல்லவா
பார்த்துக்கொண்டிருந்தேன்.