இடப்பக்கச் சக்கரங்கள்

ஈஸ்டர் சனிக்கிழமை, அதிசயமாய் மழையில்லை.
பத்து டிகிரிக்கு மேல் என்கிறது போன்.
பெயின்ட் டப்பாவும் அதைத்தான் கேட்கிறது.
மில்டன் கீன்ஸில் என் வீட்டு முன் காரை ஜாக்கியில் தூக்கி,
நான்கு ஸ்டாண்டில் முட்டுக் கொடுத்து,
சக்கரங்களை அட்டைப்பெட்டிகளின் மேல் கிடத்தினேன்.
பல்செட்டைக் கழற்றிவைத்த வாய் மாதிரி
நிற்கிறது கார்.

பார்த்தாலே தெரியும், இது யார் தொழில் என்று.
வலப்பக்கம் இரண்டும் கடையிலிருந்து வந்த கணக்காய்.
இடப்பக்கம் இரண்டும் நாய் கடித்த செருப்பு.
இந்த நாட்டில் நடைபாதைக் கல் இடப்பக்கம்.
கற்றுக்கொள்ள வருகிறவர்கள்
அதைக் காதால்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

பதினொரு வருஷம், கூரையில் சிவப்பு எல்.

விளிம்பில் கால்வட்டம் ஓடுகிறதே, அது திருமதி ஹஃப்டன்.
அறுபத்து மூன்று வயதில், கணவருக்குக் கண் மங்கிய பிறகு வந்தவர்.
உரசியதும் கல்லிடம் ‘சாரி’ என்றார்.
இந்த இரட்டைப் பள்ளம் டோமாஷ்.
போலந்தில் பத்து வருஷம் டிராக்டர் ஓட்டினவன்,
ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதை
கடைசிவரை நம்பவில்லை.
பொரிந்த மாதிரி இருப்பது ஆதிரை:
தேர்வுக்குப் போகும் வழியில், தேர்வில் அல்ல.
பாஸாகிவிட்டாள்.
மற்றதெல்லாம் பெயர் மறந்த ரவுண்டானாக்கள்.

பிரேக் தூசி கறுப்பாய் வழிந்தோடக் கழுவினேன்.
குளிர்காலமெல்லாம் சாலையில் தூவிய உப்பு
வார்னிஷுக்கு அடியில் வெள்ளைப் புழுவாய் ஊர்ந்திருந்தது.
அதற்கும் உப்புத்தாள்தான். எண்பதாம் நம்பரில் ஆரம்பம்.
உப்பைத் தின்றது தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்?
நூற்றைம்பது, இருநூற்று நாற்பது, நானூறு,
வாளியில் முக்கி முக்கித் தேய்க்கிறேன்.
டோமாஷ் மட்டும் போக மாட்டேன் என்கிறான்.
புட்டி பூசி, காயவைத்து, மறுபடி தேய்த்து,
கண்ணை மூடி விரலை ஓட்டிப் பார்த்தேன்.
ஆரம்பமும் முடிவும் தெரியவில்லை.

டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் செருக அட்டை வேண்டும்.
ஒரு சீட்டுக்கட்டு போதுமாம்.
என்னிடம் விசிட்டிங் கார்டு இருக்கிறது, இரண்டு பெட்டி.
இளவழகன் – பூங்கோதை, டிரைவிங் பயிற்சி,
பொறுமை எங்கள் பொறுப்பு.
ஐந்நூறு போதும் என்றேன்.
ஆயிரமாய் அடித்தால் மலிவு என்றார்.
ஒரு சக்கரத்துக்கு நாற்பது கார்டு,
சூரியகாந்தி இதழ் மாதிரி சுற்றிலும் நிற்கின்றன.

டப்பாவை வெந்நீரில் வைத்து, உள்ளே குண்டு உருளக் குலுக்கி,
கை நிற்காமல் அடித்தேன். முதலில் பனி போல.
அவசரப்பட்டால் வழிந்துவிடும்.
கிளட்சை மெதுவா விடு, மெதுவா, என்று
எத்தனை பேரிடம் சொன்ன வாய்,
எனக்கே சொல்லிக்கொண்டிருந்தது.

வலப்பக்கத்துக்கு வெறும் மெருகு போதும்தான்.
முன் சக்கரத்தில் மட்டும் விரல் நீளத்தில் ஒரு கீறல்.
மாணவர் யாரும் இல்லை அது.
ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இரவு, ஒன்றரை மணி,
டிரைவ்-த்ரூவில் ஜன்னலை ரொம்ப ஒட்டிப் போய்.
இரண்டு காப்பி என்று சொல்லியிருந்தேன்.
திருத்தவில்லை. இரண்டுக்கும் காசு கொடுத்தேன்.

இதை விட்டுவைக்கலாமா என்று
தேத்தண்ணீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எண்பதாம் நம்பரை எடுத்தேன்.
பத்தே நிமிஷத்தில் போய்விட்டது.
இன்னும் ஆழம் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் கார்டுகளை உருவினால்
பெயர்கள் வெள்ளிக்குள் போய்விட்டன.
போன் நம்பர் மிச்சம். அது என் நம்பர்தான்.
ஈரமான மேற்பூச்சில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்துவிட்டது.
எடுத்தால் தழும்பாகும்.
இருந்துவிட்டுப் போகட்டும்.

செவ்வாய் காலை எட்டரை, புதுப் பையன், முதல் பாடம்.
இடப்பக்கம் ஓரமாய் நிறுத்து என்பேன்.
பயத்தில் மூன்றடி தள்ளி நிறுத்துவான், எல்லாரையும் போல.
இன்னும் கொஞ்சம் கிட்டே போப்பா,
பரவாயில்லை, என்பேன்.