மேலே போகும் வேகம்

முதலில் வந்த பையன் கிளிப்பச்சைச் சட்டை.
உதட்டைப் படித்தேன்: நூறு, நூறு, நூறு.
பிறகு கிரிக்கெட், ஏதோ படம், மூன்று மாதம் இலவசம்.
அவன் கையிலிருந்த நோட்டீசை வாங்கிப்
பின்பக்கத்தில் எழுதினேன்:
கீழே வருவது நூறு, சரி.
மேலே போவது எவ்வளவு?

மேனேஜருக்குப் போன் போட்டான்.
மேனேஜருக்கும் தெரியவில்லை என்பது
அவன் பிடரியைச் சொறிந்த விதத்தில் கேட்டது எனக்கு.

காகிதப்பட்டறையில் எங்கள் தெருவுக்கு
கீழே வந்தால் போதும்.
சீரியல் வரும், பிரியாணி செய்முறை வரும்,
மாடிவீட்டு ஜீவரத்தினத்துக்குப் பங்குச்சந்தை வரும், விழும்.
நான் மேலே அனுப்ப வேண்டும்,
என் பேச்சை.
பத்து விரல், இரண்டு புருவம், ஒரு தோள்குலுக்கல்,
அவ்வளவும் பேரணாம்பட்டு வரை
சிந்தாமல் போய்ச் சேர வேண்டும்.

அங்கே ஷாகிரா இருக்கிறாள்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் எதிரெதிர் மெஷின்,
நாலு வருஷம்.
சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால்
நாங்கள் பேசாத பேச்சில்லை.
கல்யாணமாகிப் போனாள். இப்போது ராத்திரி ஒன்பது மணிதான்.

செல்போன் டேட்டாவைச் சொல்லாதீர்கள்.
டவர் மலைக்கு அந்தப் பக்கம்.
போன மே மாதம்
ஷாகிராவின் கை நெற்றிக்குப் போய் அப்படியே நின்றது.
மாமியாரா? தலைவலியா? தலைவிதியா?
பதினாலு நிமிஷம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மறுநாள் மெசேஜ் வந்தது,
வியர்வையைத் துடைத்தாளாம்.

அரசாங்க ஆபீசுக்கும் போனேன்.
பூங்காவனம் மேடம் நல்லவர்.
ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு எழுதுவதுபோல்
பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார்.
பதினைந்து வேலை நாள்.
புகார் என்றால் இந்த எண்ணில்
எங்கள் அதிகாரியுடன் பேசவும்.
பேசவும் என்பதன் அடியில் அவரே கோடும் போட்டார்.
போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.
அப்புறம் மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரை
இடம் மாற்றி வைத்தார்.

சரி, நானே பார்க்கிறேன் என்று
ஒரு வாரம் ராத்திரி ஒன்பதுக்கு வீடு வீடாகப் போனேன்.
பாஸ்வேர்டு எல்லா வீட்டிலும்
மகள் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்.
ஷாகிரா அங்கிருந்து விரலால் ஐம்பது வரை எண்ணுவாள்,
எங்கே நிற்கிறாள் என்று நான் குறித்துக்கொள்வேன்.
ஜீவரத்தினம் வீட்டில் ஆறு இடம்.
டெய்லர் வீட்டில் பத்தொன்பதிலேயே நின்றவள்
நாற்பத்தொன்றில்தான் அசைந்தாள்.
கோடிவீட்டில் இரண்டே இடம். யார் லைன் என்று கேட்டேன்.

கேபிள் முனிரத்தினம்.
மொபெட்டில் ஏணி கட்டிக்கொண்டு வந்தான்.
நூறு என்ற உதட்டசைவே இல்லை.
பேனாவைக் கேட்டு வாங்கி எழுதினான்:
மேலயும் கீழயும் நாப்பது. எட்டரைக்கு மேல
கொஞ்சம் படுக்கும். மழ வந்தா சொல்ல முடியாது.
கொரங்கு வந்தாலும்.

லைன் போனால் உனக்கு எப்படிச் சொல்வது?

தன் நம்பரை எழுதினான்.
எழுதிய பிறகு யோசித்தான்.
அடிக்கப்போனான், அடிக்கவில்லை. பக்கத்தில் எழுதினான்:
மிஸ்டு கால் குடுங்க. நீங்கதான்னு புரிஞ்சிக்குவேன்.

மாதம் ஐந்நூற்றுத் தொண்ணூறு. ரசீது உண்டு.
ஜன்னல் சட்டத்தில் துளை போட்டதில்
வீட்டுக்காரர் இன்னும் முகம் கொடுக்கவில்லை.

முதல் ராத்திரியே சண்டை.
பழைய கதை, கம்பெனியில் சீட்டு எடுத்த பணம்.
முன்னெல்லாம் பாதியில் படம் உறையும்,
உறைந்த முகத்தைப் பார்த்தால் கோபம் போய்விடும்,
யார் ஜெயித்தது என்று தெரியாமலே
இரண்டு வருஷமாய்ச் சிநேகிதிகள்.
நேற்று ஒரு விரல்கூட நிற்கவில்லை.
ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை
நான் சொன்னது அத்தனையும் போய்ச் சேர்ந்தது.
அவள் சொன்னதும் வந்தது.

இன்று ஒன்பதாக இன்னும் இருபது நிமிஷம்.
பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது.
லைனில் ஒரு குறையுமில்லை.