பிடி, விடு

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் பட்டறை.
செம்பனைத் தோட்டத்து நாலுசக்கர வண்டி
மூன்று வாரமாய் நிற்கிறது,
டயர் இடுக்கில் பதினாலாம் பிளாக்கின் மண் காய்ந்து.

ரஃபிக் மேலே, பிரேக் கைப்பிடியில்.
நான் கீழே, எட்டாம் நம்பர் ஸ்பேனரோடு.
அந்த வங்காளப் பையனுக்கு என் தமிழில்
இன்றைக்கு இரண்டு சொல் போதும்:
பிடி.
விடு.
நான் மூடுமுன் விட்டால் காற்று ஏறிவிடும்,
மறுபடி முதலிலிருந்து.
இரண்டு தடவை அப்படித்தான் ஆனது.
மூன்றாம் தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு,
"விடமாட்டேன் அக்கா" என்றான்.
அதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

மீன்தொட்டிக் குழாயில் முதலில் இறங்கியது கோப்பி-ஓ.
பிறகு குமிழி. குமிழிக்குப் பின் குமிழி.
ஏழு வருஷம் மாற்றாத எண்ணெய்,
மழைக்காலம் ஒவ்வொன்றிலும் ஈரம் குடித்தது,
சரிவில் சூடேறி ஆவியாய்ப் போயிருக்கும்.

குணாளன் வேகமாக ஓட்டினான்
என்கிறது ஆபீஸ் கடிதம்.
குணாளன் பிரேக்கைத்தான் பிடித்தான்,
கையில் கிடைத்தது காற்று.
இடுப்பெலும்பில் இப்போது ஆறு திருகாணி.

புது எண்ணெய் வெளுத்து வந்தது.
கைப்பிடி கல் மாதிரி நின்றது.
பெட்டியில் சிந்திய ஒரு துளி
தோட்டத்தின் பெயரில் இரண்டெழுத்தைத் தின்றுவிட்டது;
துடைக்கப் போனவனை வேண்டாம் என்றேன்.

கறுப்பை ஹண்ட்ரட் பிளஸ் போத்தலில் ஊற்றி
மூடியை இறுக்கி, தேதி எழுதி,
சாமிப் படத்துக்குக் கீழே வைத்தேன்.

பில்:
பிரேக் எண்ணெய், முப்பத்திரண்டு வெள்ளி.
கூலி, நாற்பது.
பழைய எண்ணெய், திருப்பித் தரப்படவில்லை.