வீட்டில் யாரும் இல்லாவிட்டால்

பல்பு ஷென்சென்னில் பிறந்தது.
விசிறி பூச்சோங்கில் தள்ளுபடிக்கு வந்தது.
கேட் மோட்டாரை, தெலுக் இந்தானில்
கடையை இழுத்து மூடிய ஆ சாய்
"பெட்டியோட எடுத்துக்கோ" என்று
என் லோரியில் தள்ளிவிட்டான்.

ஆளுக்கொரு செயலி,
ஆளுக்கொரு கடவுச்சொல்.
ஒரே சுவரில் தொங்கினாலும்
ஒன்றின் பெயர் மற்றதற்குத் தெரியாது.

ஊத்தான் மெலிந்தாங்கில் இது அதிசயமில்லை.
எங்கள் வரிசையில் மீன் விற்கும் ஆ லியான்,
ஸ்கூல் பஸ் ஓட்டும் பாக் மாட்,
ஆலையில் என்னோடு குலை தள்ளும் ரஃபிக்குல்.
சாக்கடை அடைத்தால் சண்டை,
பெருநாள் வந்தால் பலகாரம்,
இரண்டுமே காலொடிந்த பசார் மலாயில்தான்.
இலக்கணம் பார்த்தால்
யாருக்கும் மீன் கிடைக்காது.

அப்படி ஒரு மொழி இவற்றுக்கும் வேண்டுமென்று
பழைய லாப்டாப்பைத் தூசி தட்டி
டிவிக்குப் பின்னால் உட்கார வைத்தேன்.
மூன்று ஞாயிறு போயிற்று.
பல்பை ஐந்து முறை அணைத்து ஐந்து முறை போட்டால்
பழைய முதலாளியை மறந்துவிடுமாம்.
ஏழாவது முறை மறந்தது.
மூன்று கம்பெனிக்குக் கைமாறிய தோட்டத்தில்
பெயர் பதிந்தவன் நான்;
கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

குணசுந்தரி நர்ஸ் சீருடையில் வாசலில் நின்று
"வெளக்குக்கு சுவிட்சு போதாதா?" என்றாள்.
பதில் சொல்வதற்குள் ஸ்கூட்டர் சந்தைத் தாண்டிவிட்டது.

அவள் வார்டில், நான் பாய்லர் முன்னால்.
மற்றவர் வந்து குளித்துப் போனது
வாரத்தில் நாலு நாள்
ஈரத் துண்டைத் தொட்டால்தான் தெரியும்.

அதனால் ஒரு விதி எழுதினேன்:
வீட்டில் யாரும் இல்லாவிட்டால்
இரவு ஏழுக்குமேல் வாசல் விளக்கு எரியட்டும்.
ஆள் இருப்பதாகத் திருடன் நம்பட்டும்.

மழைக்காலத்தில் ஒரு புதன்.
நீராவி கத்துகிற நேரம், ஆ லியான் போன் போட்டாள்:
"உங்க வூட்டு லம்பு எல்லாருக்கும்
கண்ணடிக்குது லா."
பாக் மாட் ஏற்கெனவே
கேட்டுக்கு வெளியே நின்று ஓதிவிட்டுப் போயிருந்தார்.

பதிவேட்டைத் திறந்தேன்.
எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது;
நாலு நொடிக்கு ஒரு முறை, எட்டு பக்கம்.
கீழே கீழே தள்ளிப் போனால்
நான் எழுதாத ஒரு விதி.
அவள் கைபேசியிலிருந்து,
போன மாதம், விடியற்காலை மூன்றே காலுக்கு:
வீட்டில் யாரும் இல்லாவிட்டால்
விளக்கை அணை. கரண்டு பில்.

சுவிட்சு போதாதா என்று கேட்டவள்
எப்போது இதைக் கற்றுக்கொண்டாள்?
எந்த நோயாளி தூங்கின பிறகு?

இரண்டும் ஒரே சொற்களில்தான் தொடங்கின.
பாய்லர் அழுத்தமானி முன்னால் நின்று
அந்தச் சொற்களையே
வாசித்துக்கொண்டிருந்தேன்.

போன் செய்தேன். வராந்தாவுக்கு வந்து எடுத்தாள்.
"நீ அழி."
"நீங்க அழிங்க."
பின்னால் யாருக்கோ சிலைன் முடிந்து மணி அடித்தது.
வைத்துவிட்டாள்.

இரண்டையும் நானே அழித்தேன்.
எழுதியது ஒரே வரி:
யாராவது வந்தால் எரி.

மறுநாள் அவள் வந்தது காலை ஏழே முக்காலுக்கு.
செம்பனை மட்டைகளுக்குமேல் சுள்ளென்று வெயில்.
அந்த வெளிச்சத்தில் வாசல் விளக்கு எரிவது
எறும்புக்குக்கூட உதவாது.
நான் ஓவர்டைமில் இருந்தேன்,
பதிவேட்டில்தான் பார்த்தேன்:
எரிந்தது 7:46.
அணைத்தது, கையால், 8:09.

அந்த இருபத்து மூன்று நிமிடம்
அவள் என்ன செய்தாள் என்று
எந்தக் கருவியிலும் இல்லை.
நானும் கேட்கவில்லை.

கேட் மோட்டார் மட்டும்
இன்னும் யாரோடும் பேச மறுக்கிறது.
தள்ளித்தான் திறக்கிறோம்,
அவள் ஒரு நேரம்,
நான் ஒரு நேரம்.